புல் பிரேம் கமரா யாருக்கு வேண்டும்? உடுவிலில் இருந்து ஒரு தேர்வாய்வு

உடுவில் மகளிர் கல்லூரி 1824 இல் தொடங்கப்பட்டது. டகேரின் ஒளிப்பட முறை பாரிசில் பகிரங்கமானது 1839 இல். ஒளிப்படக் கலையைவிடப் பதினைந்து வயது மூத்த பள்ளிக்கூடம் உள்ள ஊர் இது. சுற்றியுள்ள இணுவில், சுன்னாகம், மருதனார்மடம், மானிப்பாய் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், கோயில் திருவிழா, கல்யாண வீடு, சாமத்தியவீடு, பரிசளிப்பு விழா என்று கமராவுக்கு ஆண்டு முழுவதும் வேலை உண்டு. அந்த வேலைக்கு இறங்கும் இளைஞர்கள் கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் கேட்பது ஒன்றுதான்: "புல் பிரேமுக்கு மாறலாமோ?"

கேள்வி சின்னதுதான், அதற்குள் நான்கு கேள்விகள் இருக்கின்றன. சென்சரின் அளவு உண்மையில் எவ்வளவு உதவும்? எந்த வேலைக்கு உதவும்? புதிய மாதிரிகள் வருவது நின்றுபோன டி.எஸ்.எல்.ஆர். வகையில் இன்னமும் காசு போடலாமா? பாவித்ததை வாங்குவதென்றால் எதைப் பார்த்து வாங்குவது? வீடியோவை ஒதுக்கிவிட்டு, நிழற்படத்தை மட்டும் வைத்து இவற்றைப் பார்ப்போம்.

அளவு தருவது எவ்வளவு?

புல் பிரேம் சென்சரின் அளவு 36 × 24 மி.மீ. 1925 இல் ஜெர்மனியில் சந்தைக்கு வந்த லைக்கா கமரா, சினிமாப் பிலிம் சுருளில் பதித்த சட்டத்தின் அளவு அது. விலை குறைந்த டி.எஸ்.எல்.ஆர். கமராக்களில் இருப்பது ஏ.பி.எஸ்.-சி. சென்சர்: நிக்கானில் ஏறத்தாழ 23.5 × 15.6 மி.மீ., கனனில் 22.3 × 14.9 மி.மீ. பரப்பளவு பார்த்தால் புல் பிரேம் 864 சதுர மி.மீ.; மற்றவை 367, 332. ஆக, புல் பிரேம் நிக்கானின் சிறிய சென்சரைப்போல 2.4 மடங்கு, கனனுடையதைப்போல 2.6 மடங்கு பெரியது.

ஒரே துவாரத்திலும் ஒரே ஷட்டர் வேகத்திலும் படம் எடுத்தால், பெரிய சென்சர் அந்த மடங்குக்கு ஏற்பக் கூடுதல் ஒளியை வாங்கிக்கொள்ளும். வெளிச்சம் ஒருமுறை இரட்டிப்பது ஒரு ஸ்டொப். எனவே வித்தியாசம் ஒன்றேகால் ஸ்டொப்பும் கொஞ்சமும். சிறிய சென்சரில் ஐ.எஸ்.ஓ. 3200 இல் தெரிகிற நொய்ஸ், அதே காலத்துப் புல் பிரேமில் 6400 ஐத் தாண்டித்தான் தெரியும்.

இனி லென்ஸின் கணக்கு. கமராவோடு சேர்த்துத் தருகிற கிட் லென்ஸை முழுதாக இழுத்தால் அதன் துவாரம் எப் 5.6 இல் நிற்கும். 50 மி.மீ. எப் 1.8 லென்ஸ் அதைவிட மூன்றேகால் ஸ்டொப் கூடுதலாக வெளிச்சம் விடும். கனனிலும் நிக்கானிலும் ஆகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும் லென்ஸ்களில் அதுவும் ஒன்று. சாமியறையில் குத்துவிளக்கு மட்டும் எரிகிறது என்று வைப்போம். எப் 2, ஷட்டர் 1/125 என்றால் ஐ.எஸ்.ஓ. 3200 அளவில் முகம் விழுந்துவிடும். அதையே எப் 5.6 இல் எடுக்கப் போனால் 25,600 வரை ஏற்றவேண்டும். சென்சர் தருவது ஒன்றேகால் ஸ்டொப், லென்ஸ் தருவது மூன்று ஸ்டொப்புக்கு மேல். புல் பிரேம் உடலை வாங்கி அதில் மங்கிய சூம் லென்ஸைப் பூட்டுகிறவர், ஏ.பி.எஸ்.-சி. உடலில் 50 மி.மீ. எப் 1.8 போட்டு நிற்பவரிடம் இருட்டில் தோற்றுப்போவார். இந்தக் கட்டுரையின் மற்ற எல்லா முடிவுகளும் இந்தக் கணக்கில் இருந்துதான் வருகின்றன.

இன்னொரு பக்கமும் உண்டு. கல்யாண வீட்டில் மூன்று வரிசையாக நிற்கும் குடும்பப் படத்தில் முன்வரிசைப் பிள்ளையும் பின்வரிசைப் பெரியப்பாவும் ஒருசேரத் தெளிவாக வரவேண்டும். அதே ஆழத்தைப் பெற, புல் பிரேமில் துவாரத்தை மேலும் ஒன்றேகால் ஸ்டொப் மூடவேண்டும். பெரிய சென்சர் தந்த வெளிச்ச லாபம் அப்படியே கரைந்துவிடும். குழுப்படமே பெரும்பாலும் எடுக்கிறவருக்குப் புல் பிரேமால் வரும் நன்மை, பலர் எண்ணுவதிலும் குறைவு.

அப்படியானால் நன்மை எங்கே? மூன்று இடங்களில். 85 மி.மீ. லென்ஸில் ஒருவரை மட்டும் எடுக்கும்போது பின்னணி அழகாகக் கரையும். சிறிய அறையில், விறாந்தையின் மூலையில் நின்று 24 மி.மீ. லென்ஸின் முழு அகலத்தையும் பெறலாம். சிறிய சென்சரில் அதே லென்ஸ் 36 அல்லது 38 மி.மீ. போல ஒடுங்கிவிடும். மூன்றாவது, கண் வைத்துப் பார்க்கும் வியூபைண்டர் பெரிதாக, வெளிச்சமாக இருக்கும். மணிக்கணக்கில் அதற்குள் பார்ப்பவருக்கு இது சின்ன விஷயம் அல்ல.

நாம் எதைப் படம் எடுக்கிறோம்?

கமராத் தேர்வு கடையில் தொடங்குவதில்லை. போன ஆண்டு எடுத்த படங்களைத் திறந்து எது எத்தனை என்று பார்ப்பதில்தான் தொடங்குகிறது. எங்கள் பக்கத்து வேலைகளை நான்காகப் பிரிக்கலாம்.

முதலாவது இரவும் விடியற்காலையும். நல்லூர்த் திருவிழா 25 நாள். 23 ஆம் நாள் மாலைச் சப்பறம், மறுநாட் காலை தேர். இணுவில் கந்தசுவாமி கோயிலின் பெருமஞ்சமோ நுணுக்கமான மரச் செதுக்கல் நிறைந்தது. விளக்கு வெளிச்சத்தில் அசையும் வாகனம், தீவட்டி, புகை, வெறும் மேலோடு நிற்கும் அடியார்கள் என்று காட்சி முழுதும் கறுப்புக்கும் பொன்னிறத்துக்கும் இடையில் இருக்கும். பிளாஷ் அடித்தால் அந்த நிறம் செத்துப்போகும்; பல கோயில்களில் உள்ளே படம் எடுக்கவே விடமாட்டார்கள். விடியற்காலை முகூர்த்தக் கல்யாணமும் இந்த வகைதான். புல் பிரேம் தன் விலையை நியாயப்படுத்துவது இங்கே.

இரண்டாவது மண்டபமும் மேடையும். மருதனார்மடத்தில் பரதநாட்டிய அரங்கேற்றம், பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழா போன்றவை. இங்கே சென்சர் அளவைவிட எல்.ஈ.டி. விளக்கின் மினுக்கம் பெரிய தொல்லை. எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். மலிவான விளக்குகள் விநாடிக்கு 100 தடவை மங்கித் தெளியும். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அடுத்தடுத்து எடுத்த மூன்று படங்களில் ஒன்று மஞ்சளாக, ஒன்று இருட்டாக, ஒன்று சரியாக வரும். இந்த மினுக்கத்தைப் பார்த்து நேரம் பிடித்துப் படம் எடுக்கும் வசதி கனன் 5டி மார்க் 4, 6டி மார்க் 2, நிக்கான் டி850, டி780 ஆகியவற்றில் உண்டு. 5டி மார்க் 3 இல் இல்லை. மண்டப வேலையே பிழைப்பாக உள்ளவர் மெகாபிக்சலைப் பார்க்குமுன் இதைப் பார்க்கவேண்டும்.

மூன்றாவது தூரம். இல்ல மெய்வல்லுநர் போட்டி, கடனீரேரிப் பறவைகள். இங்கே புல் பிரேம் எதிராகவே வேலை செய்யும். 300 மி.மீ. லென்ஸ் நிக்கானின் சிறிய சென்சரில் 450 மி.மீ. போல இழுக்கும், அதே நெருக்கத்தைப் புல் பிரேமில் பெற விலையும் பாரமும் கூடிய லென்ஸ் வேண்டும். நிக்கான் டி500, கனன் 7டி மார்க் 2 போன்றவை இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும்.

நான்காவது ஆவணம். பழைய படங்கள், தேவாலயப் பதிவேடுகள், ஏட்டுச் சுவடிகள், கோயிற் சிற்பங்கள். 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிம வடிவில் சேர்த்து வைத்ததில் இருந்து, இப்படி ஒரு வேலை உண்டு என்பதே பலருக்கு விளங்கத் தொடங்கியது. அசையாத பொருள், கட்டுப்படுத்திய ஒளி, முக்காலி. இங்கே இருட்டு ஒரு பிரச்சினை அல்ல, நுணுக்கம்தான் தேவை.

மெகாபிக்சல் கணக்கு

நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி என்பது வழமையான அளவு. 24 மெகாபிக்சல் கமராவின் படம் 6000 × 4000. அதை 20 × 13 அங்குலத்துக்கு அந்தத் தரத்தில் அச்சிடலாம். கல்யாண அல்பத்தின் 12 × 18 அங்குலப் பக்கத்துக்கு ஏறத்தாழ 19.5 மெகாபிக்சல் போதும். 20 மெகாபிக்சல் உள்ள பழைய கனன் 6டி கூட அதைத் தாண்டிவிடுகிறது. சுவரில் மாட்டும் பெரிய படத்தைத் தள்ளி நின்றுதான் பார்ப்போம் என்பதால் அங்கே 150 புள்ளியும் சமாளிக்கும்.

ஏட்டுச் சுவடியை எடுத்தால் கணக்கு மாறும். 40 செ.மீ. நீள ஏட்டை ஒரே படத்தில் எடுத்தால் 24 மெகாபிக்சலில் அங்குலத்துக்கு 380 புள்ளி வரும், 45.7 மெகாபிக்சல் டி850 இல் 524 வரும். எழுத்தாணிக் கீறலையும் பூச்சி அரித்த விளிம்பையும் பின்னால் பெருக்கிப் பார்க்க இந்த வித்தியாசம் உதவும்.

கூடிய மெகாபிக்சலுக்குக் கூடிய செலவும் உண்டு. ரோ கோப்பு ஒன்று 24 மெகாபிக்சலில் 28 எம்.பி. அளவு, டி850 இல் 50 எம்.பி. அளவு வரும். ஒரு கல்யாணத்தில் 3000 படம் எடுத்தால் முதலாவது 84 ஜி.பி., இரண்டாவது 150 ஜி.பி. காட், ஹாட் டிஸ்க், கணினி எல்லாவற்றையும் அதற்கேற்ப உயர்த்தவேண்டும். மெகாபிக்சல் கூடினால் இருட்டில் படம் கெடும் என்பது முழு உண்மை அல்ல. ஒரே அளவில் அச்சிட்டுப் பார்த்தால், ஒரே காலத்துச் சென்சர்களுக்கு இடையில் வித்தியாசம் சொற்பமே.

கமராக்கள்: ஒவ்வொன்றாக

புல் பிரேம் எண்ணிமக் கமராவைச் சாதாரண தொழிலாளரின் கைக்கு எட்டச் செய்தது 2005 இல் வந்த 12.8 மெகாபிக்சல் கனன் 5டி. 2008 இல் நிக்கான் டி700 உம் கனன் 5டி மார்க் 2 உம் வந்தன. இவை மூன்றும் வரலாறு. இன்று காசு கொடுத்து வாங்க வேண்டியவை அல்ல. வயது போனவற்றுக்கு உதிரிப்பாகம் கிடைப்பது கடினம்.

கனன் 6டி (2012): 20.2 மெகாபிக்சல். பற்றரியோடு 770 கிராம், வை-பை உண்டு. குவியப் புள்ளி 11 தான், அதிலும் நடுப்புள்ளி ஒன்றே நம்பத்தக்கது. ஆனால் அந்த நடுப்புள்ளி நிலா வெளிச்சத்திலும் பிடிக்கும். காட் இடம் ஒன்றே. தனக்காகப் படம் எடுப்பவருக்கும் முதன்முதலாகப் புல் பிரேமுக்கு வருபவருக்கும் ஏற்றது.

கனன் 5டி மார்க் 3 (2012): 22.3 மெகாபிக்சல், 61 குவியப் புள்ளி, இரண்டு காட் இடம். கல்யாண வேலைக்கென்றே வார்த்த உடல். குறை ஒன்று: உச்சி வெயிலில் வெள்ளை வேட்டியைக் காப்பாற்ற வெளிச்சத்தைக் குறைத்து எடுத்து, பிறகு கணினியில் நிழலைத் தூக்கினால், நிழலில் கோடுகோடாக நொய்ஸ் தெரியும்.

நிக்கான் டி750 (2014): 24.3 மெகாபிக்சல், 51 குவியப் புள்ளி, இரண்டு எஸ்.டி. இடம், மடித்து நிமிர்த்தும் திரை. நிழலைத் தூக்கினாலும் தாங்கும். தொடக்க உற்பத்தியில் ஷட்டர்க் குறை இருந்ததை நிறுவனமே ஒப்புக்கொண்டு இலவசத் திருத்தம் அறிவித்தது. வாங்குமுன் தொடரிலக்கத்தைப் பார்த்து அது செய்யப்பட்டதா என்று கேளுங்கள். இதற்கு முந்திய டி600 இல் சென்சரில் எண்ணெய்த் துளி படிந்த பிரச்சினை பிரசித்தம். ஷட்டர் மாற்றப்பட்டதென்ற உறுதி இல்லாவிட்டால் தொடவேண்டாம்.

நிக்கான் டி810 (2014), டி850 (2017): முதலாவது 36.3, இரண்டாவது 45.7 மெகாபிக்சல். இரண்டும் ஐ.எஸ்.ஓ. 64 இல் தொடங்குவதால் வெயில் நிலக்காட்சிக்கும் ஆவணத்துக்கும் இணையற்றவை. டி850 இன் 153 புள்ளிக் குவிய அமைப்பு எந்த வேலையையும் பார்க்கும். பாரம்தான் ஒரு கிலோ.

கனன் 5டி மார்க் 4 (2016): 30.4 மெகாபிக்சல். மார்க் 3 இன் நிழற்குறை பெரிதும் தீர்ந்தது. திரையைப் பார்த்து எடுக்கும்போதும் குவியம் விரைவாகப் பிடிக்கும். கனன் லென்ஸ் ஏற்கெனவே வைத்திருப்பவருக்கு இதுவே கடைசித் தரிப்பிடம்.

பென்டாக்ஸ் கே-1 (2016) உடலிலேயே அசைவுத் தடுப்பு உள்ள நல்ல கமரா. ஆனால் இங்கே தொழில் செய்பவர்கள் லென்ஸை இரவல் வாங்கித்தான் பல வேலைகளை ஒப்பேற்றுகிறார்கள். பக்கத்து ஸ்ரூடியோக்காரர் கனன் வைத்திருந்தால் கனனும், நிக்கான் வைத்திருந்தால் நிக்கானும் எடுப்பதே புத்தி. நிறுவனப் பெயரில் சண்டை பிடிப்பதைவிட இந்தக் காரணம் வலிமையானது.

காட் இடம் இரண்டு என்பதை நான் ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்று கேட்கலாம். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் எத்தனையோ வீடுகள் தங்கள் கல்யாண அல்பத்தை இழந்தன. படம் தொலைந்தால் என்ன ஆகும் என்பது எங்கள் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய பாடம் அல்ல. ஊரார் வீட்டு விசேடத்துக்குக் காசு வாங்கிப் போகிறவர், ஒரே நேரத்தில் இரண்டு காட்டில் பதியும் உடலோடுதான் போகவேண்டும்.

மிரர்லெஸ் வந்த பிறகு

2013 இல் சோனி ஏ7 தொடங்கிவைத்ததை 2018 இல் கனனும் நிக்கானும் தொடர்ந்தன. 2020 இல் வந்த கனன் 1டி எக்ஸ் மார்க் 3, நிக்கான் டி780, டி6 ஆகியவற்றுக்குப் பிறகு புல் பிரேம் டி.எஸ்.எல்.ஆர். எதுவும் புதிதாக வரவில்லை. மிரர்லெஸின் மேன்மைகள் மெய்யானவை: கண்ணைத் தேடிப் பிடிக்கும் குவியம், சத்தமில்லாத ஷட்டர், எடுக்குமுன்பே தெரியும் வெளிச்சம். பூசை நேரத்தில் டி.எஸ்.எல்.ஆர். போடும் "டக்" சத்தம் அமைதியைக் குலைப்பதும் உண்மையே.

ஆனால் உலகமெங்கும் தொழிலாளர்கள் மிரர்லெஸுக்கு மாறியதாற்றான் நல்ல டி.எஸ்.எல்.ஆர். உடல்களும் லென்ஸ்களும் பாவித்த சந்தையில் இறங்கின. 2022 மார்ச்சில் ரூபாய் விழுந்த பிறகு, 2024 சனவரியில் வற் வரி 18 வீதமான பிறகு, புதிய கமரா பலருக்கு எட்டாத் தூரத்தில் நிற்கிறது. பற்றரியையும் எண்ணுங்கள். சர்வதேச அளவுகோலில் டி750 ஒரு பற்றரியில் 1230 படமும் டி850 1840 படமும் எடுக்கும். முதல் தலைமுறை நிக்கான் இசட்6 310, கனன் ஆர்.பி. 250. 2022 இல் பதின்மூன்று மணிநேர மின்வெட்டைக் கண்டவர்கள் இதைச் சாதாரணமாக எடுக்கமாட்டார்கள்.

போடும் காசு வீணாகுமா என்ற பயத்துக்கு விடை லென்ஸில் இருக்கிறது. கனனின் ஈ.எப். லென்ஸ்கள் ஓர் அடாப்டரோடு அதன் மிரர்லெஸ் உடலில் முழுமையாக இயங்கும். நிக்கானின் ஏ.எப்.-எஸ். லென்ஸ்களும் அப்படியே, பழைய ஏ.எப்.-டி. லென்ஸ்கள் மட்டும் அதன் சொந்த அடாப்டரில் தானியங்கிக் குவியத்தை இழக்கும். நாளை மாற எண்ணம் இருந்தால் இன்று ஏ.எப்.-எஸ். வாங்குங்கள்.

செம்மண்ணும் பூஞ்சணமும்

வலிகாமத்துச் செம்மண் வெங்காயத்துக்கு நல்லது, சென்சருக்கு அல்ல. சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் வெளியில் லென்ஸ் மாற்றினால் நுண்தூசி உள்ளே போய்ப் படத்தில் கறுப்புப் பொட்டாக விழும். முடிந்தவரை வீட்டுக்குள் மாற்றுங்கள்; உடலின் வாய் கீழே பார்த்திருக்கட்டும். மாரியில் ஈரமும் கடற்காற்றின் உப்பும் சேர்ந்தால் லென்ஸின் உள்ளே பூஞ்சணம் பிடிக்கும். தோற்பையில் வைத்து அலமாரியில் பூட்டுவதுதான் ஆகப் பிழையான வழி. காற்றுப் புகாத பெட்டி, சிலிக்கா ஜெல், ஈரமானி. ஈரம் 40 முதல் 50 வீதத்துக்குள் இருந்தால் போதும்.

பாவித்ததை வாங்கும்போது

கொழும்பில் வாங்கினாலும், கனடாவில் இருந்து மாமா கொண்டுவந்தாலும் சோதனை ஒன்றே. ஷட்டர் எத்தனை தடவை அடித்தது என்று பாருங்கள்: 6டி 100,000, டி750 உம் 5டி மார்க் 3 உம் 150,000, டி810 உம் டி850 உம் 200,000 தடவைக்குச் சோதிக்கப்பட்டவை. நிக்கானில் படக் கோப்பிலேயே அந்த எண் பதிவாகும். இந்தக் கனன்களில் கமராவைக் கணினியில் இணைத்து மென்பொருளால் படிக்கவேண்டும். எப் 16 இல் வெறும் வானத்தை எடுத்தால் சென்சர்த் தூசி காட்டிக்கொடுக்கும். லென்ஸின் பின்பக்கமாக ரோர்ச் அடித்துப் பார்த்தால் சிலந்தி நூல் போன்ற பூஞ்சணம் தெரியும். 5டி மார்க் 3, டி810 இரண்டிலும் சி.எப். காட் துளைக்குள் ஊசிகள் வளைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டு காட்டிலும் பதிந்து பாருங்கள். வெளிநாட்டு உத்தரவாதம் இங்கே செல்லும் என்று நம்பி வாங்கவேண்டாம்.

முடிவு

கையில் உள்ள காசில் உடலுக்குப் பாதிக்கு மேல் கொடுக்கவேண்டாம். மிச்சத்தில் முதலில் 50 மி.மீ. எப் 1.8, அடுத்து 85 மி.மீ. எப் 1.8, பிறகு 24-70 எப் 2.8. காட், இரண்டாம் பற்றரி, ஈரங்காக்கும் பெட்டி ஆகியவையும் அந்தக் கணக்குக்குள்ளேயே வரவேண்டும்.

கோயிலும் கல்யாணமும் உங்கள் தொழில் என்றால் டி750 அல்லது 5டி மார்க் 3. மண்டப எல்.ஈ.டி. விளக்கில் அதிகம் நிற்பவரானால் இன்னும் கொஞ்சம் சேர்த்து 5டி மார்க் 4. ஆவணமும் நிலக்காட்சியும் என்றால் டி810. வசதி இருந்தால் டி850. ஆசைக்கு எடுப்பவருக்கு 6டி போதும். விளையாட்டு, பறவை, குழுப்படம் என்பவற்றுக்குப் புல் பிரேம் தேவையில்லை, இருக்கிற ஏ.பி.எஸ்.-சி. உடலை வைத்துக்கொண்டு லென்ஸில் காசைப் போடுங்கள். 50 மி.மீ. எப் 1.8 லென்ஸ் இன்னும் உங்களிடம் இல்லை என்றால், எந்த உடலையும் விலை கேட்குமுன் அதை வாங்கி ஒரு திருவிழாக் காலம் முழுவதும் அதிலேயே எடுத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் வெளிச்சம் போதவில்லை என்று தோன்றினால்தான் உங்களுக்குப் புல் பிரேம் வேண்டும்.